கால்சியம் மாத்திரையும் பிபி மாத்திரையும் ஒன்றோடொன்று மோதுமா?

கேள்வி:

“வணக்கம் டாக்டர். எனக்கு 62 வயது. மதுரைப் பக்கம் ஒரு கிராமம். தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இரண்டு வருஷமாக ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறேன். முதலில் 5 மில்லிகிராம், மூன்று மாதமாக 10. போன மாதம் ஸ்கேன் எடுத்துவிட்டு, எலும்பு மெலிந்திருக்கிறது என்று தினமும் 500 மில்லிகிராம் கால்சியம் மாத்திரையும் வாரம் ஒரு வைட்டமின் டி பொடியும் கொடுத்தார்கள். அம்லோடிபின் ‘கால்சியம் சேனல் பிளாக்கர்’ என்று என் நாத்தனார் எங்கோ படித்திருக்கிறார். ‘ஒன்று கால்சியத்தைத் தடுக்கிறது, இன்னொன்று கால்சியத்தைக் கொடுக்கிறது, இரண்டையும் சேர்த்துப் போட்டால் இரண்டுமே வீண்’ என்கிறார். அதனால் மூன்று வாரமாக ஒரு நாள் இது, மறுநாள் அது என்று மாற்றி மாற்றிப் போடுகிறேன். வீட்டு மிஷினில் 138 காட்டிக்கொண்டிருந்த பிபி இப்போது 156 காட்டுகிறது. ஆனால் 10 ஆனதிலிருந்து சாயங்காலமானால் வரும் கால் வீக்கம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. வீக்கத்துக்கு நீர் மாத்திரை தரட்டுமா என்று மருந்துக்கடைத் தம்பி கேட்கிறார். தசைக்குக் கால்சியம் போகாமல் தடுத்தால் கை கால் பலம் போய்விடாதா என்பது இன்னொரு பயம். எனக்கு அறிவியல் தெரியாது. ஆனால் காரணம் சொன்னால் புரிந்துகொள்வேன்.”

பதில்:

அம்மா, முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மாற்றி மாற்றிப் போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். இரண்டு மாத்திரையையும் மருத்துவர் எழுதியபடி தினமும் போடுங்கள். ஒரே வாய்த் தண்ணீரில் விழுங்கினாலும் ஒன்றும் ஆகாது. இந்த வாரத்துக்குள் உங்கள் மருத்துவரைப் பார்த்து, கால் வீக்கத்தையும் மூன்று வாரம் நடந்ததையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். நீர் மாத்திரையை மட்டும் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். அதற்கு வலுவான காரணம் இருக்கிறது, கீழே வருகிறேன்.

உங்கள் நாத்தனாரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் சொன்னது தவறுதான், ஆனால் முட்டாள்தனமான தவறு இல்லை. ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குழாயில் அவர் சொல்வது அப்படியே நடக்கும். ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரத்தில் ஆல்பிரெக்ட் ஃபிளெக்கன்ஸ்டைன் என்ற உடலியல் அறிஞர் 1960களில் பார்த்ததும் அதைத்தான். சில மருந்துகளைச் சேர்த்ததும் இதயத் தசை, தன்னைச் சுற்றியுள்ள கால்சியத்தையே எடுத்துவிட்டது போலத் துவண்டது. கால்சியத்தைக் கூடுதலாகச் சேர்த்ததும் மறுபடி சுருங்கியது. அதனால்தான் இந்த மருந்துகளுக்குக் ‘கால்சியம் எதிரி’ என்று பெயர் வந்தது. பெயரைப் படிப்பவர்களுக்குக் குழப்பம் வருவது இயல்பு.

ஆனால் கண்ணாடிக் குழாயில் கால்சியத்தை நாம் இஷ்டத்துக்குக் கூட்டலாம். உடம்பு அதற்கு விடாது. விஷயமே இதில்தான் இருக்கிறது.

நீங்கள் மதுரைப் பக்கம் என்பதால் கண்மாயை வைத்தே சொல்கிறேன். கண்மாய் நிறையத் தண்ணீர். கரைக்கு இந்தப் பக்கம் வயல். நடுவே மடை. வயலுக்குள் எவ்வளவு தண்ணீர் பாய்கிறது என்பதைத் தீர்மானிப்பது மடையைத் திறந்திருக்கிற அளவுதான். நீங்கள் ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுபோய்க் கண்மாயில் ஊற்றினால் வயலில் என்ன மாற்றம் வரும்? ஒன்றும் வராது. கண்மாய் கொஞ்சம் அதிகமாக நிறைந்தாலும் கலுங்கு வழியாக வழிந்து போய்விடும்.

உங்கள் ரத்தம்தான் கண்மாய். ரத்தக் குழாயின் சுவரில் இருக்கும் தசைச் செல் வயல். அம்லோடிபின் அந்த மடையைக் கொஞ்சம் இறக்கி வைக்கிற மருந்து. கால்சியம் மாத்திரை கண்மாயில் ஊற்றிய குடம்.

கணக்கைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். பெரியவர் ஒருவர் உடம்பில் ஏறக்குறைய ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும். ரத்தத்தில் எந்த நேரத்திலும் ஓடிக்கொண்டிருப்பது அரை கிராம்கூட இல்லை. அந்தக் கொஞ்சத்தைத்தான் உடம்பு உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுகிறது. 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை, அதற்கு மேலேயும் போகக் கூடாது, கீழேயும் வரக் கூடாது. தைராய்டு சுரப்பியின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும் நான்கு குட்டிச் சுரப்பிகள் இதற்கென்றே இருக்கின்றன. உங்கள் ஊர்க் கண்மாயின் நீர்பாய்ச்சி போல அவை ராப்பகலாகப் பார்த்துக்கொண்டிருக்கும். கொஞ்சம் குறைந்தால் எலும்பிலிருந்து எடுக்கும், குடலில் அதிகம் உறிஞ்ச வைக்கும். கூடினால் சிறுநீரகத்தின் கலுங்கு வழியாக வெளியே போகும். நீங்கள் விழுங்கும் 500 மில்லிகிராமில் குடல் உறிஞ்சுவதே ஒரு பகுதிதான். அது ரத்தத்தில் நின்று மடையை மோதித் திறக்கப் போவதில்லை. எலும்புக்குப் போகிறது, மீதி வெளியேறுகிறது.

இனி வயலுக்குள் இறங்கலாம். எனக்குப் பிடித்த இடம் இது, கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

நம் உடம்பில் தசை என்றதும் புஜமும் தொடையும்தான் ஞாபகத்துக்கு வரும். அவை நாம் சொன்னபடி கேட்கும் எலும்புத்தசைகள். நாம் சொல்லாமலே வேலை செய்யும் இன்னொரு கூட்டம் உண்டு. பள்ளிப் பாடத்தில் மென்தசை அல்லது வரியற்ற தசை என்று படித்திருப்பீர்கள். குடல், சிறுநீர்ப்பை, கருப்பை, மூச்சுக்குழாய், கண்ணின் பாப்பா, புல்லரிக்கும்போது முடியை நிமிர்த்தும் நூல் போன்ற தசை எல்லாம் அந்த இனம். ரத்தக் குழாய்ச் சுவரைச் சுற்றி வளையம் வளையமாக இருப்பதும் அதுவே. உங்கள் ரத்த அழுத்தத்தை முக்கியமாக நிர்ணயிப்பவை தலைமுடியைவிடச் சற்றே பருமனான நுண்ணிய தமனிகள். அவற்றின் ஆரம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் போதும், அதே அழுத்தத்தில் பாயும் ரத்தம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்து ஓட்டம் மாறுவதால் வரும் வினை இது. ஆகவே அந்த வளையத் தசை கொஞ்சம் இறுகினாலும் பிபி ஏறும், கொஞ்சம் தளர்ந்தாலும் இறங்கும்.

இறுகு, தளர் என்று அந்தச் செல்லுக்குச் சொல்வது யார்? கால்சியம்தான். இங்கே அது எலும்பில் இருப்பது போலக் கட்டுமானப் பொருள் இல்லை, சேதி கொண்டுவரும் ஆள். செல்லுக்கு வெளியே இருக்கும் கால்சியத்தோடு ஒப்பிட்டால், சும்மா இருக்கும் செல்லுக்குள் இருப்பது ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு. கரைக்கு அந்தப் பக்கம் நிறை கண்மாய், இந்தப் பக்கம் வெடித்துக் கிடக்கும் வயல். செல் தன் சக்தியைச் செலவு செய்து உள்ளே வரும் கால்சியத்தை இறைத்து இறைத்து வெளியே தள்ளுவதால்தான் இந்த வித்தியாசம் நிற்கிறது. ஏன் இத்தனை பாடு? செல்லின் எரிபொருளில் பாஸ்பேட் இருக்கிறது. கால்சியம் அதிகமானால் பாஸ்பேட்டோடு சேர்ந்து சுண்ணாம்பு போலப் படிந்துவிடும். அதனால் உயிர்கள் ஆதியிலிருந்தே கால்சியத்தை வாசலுக்கு வெளியே வைக்கப் பழகிவிட்டன. அப்படிக் காய்ந்து கிடக்கும் வயலில் ஒரு கை தண்ணீர் தெறித்தாலும் உடனே தெரியும் அல்லவா? விலக்கி வைத்த பொருளே சேதி சொல்லும் பொருளானது இப்படித்தான்.

சேதி வரும் வழி இரண்டு. ஒன்று, செல்லின் சவ்வில் இருக்கும் மடைகள். செல்லின் மின்னழுத்தம் மாறும்போது இவை திறக்கும். இன்னொன்று, வயலுக்குள்ளேயே ஒரு கிணறு. செல்லுக்குள் வலை போன்ற ஒரு பை கால்சியத்தைச் சேர்த்து வைத்திருக்கும். அட்ரினலின் குடும்பத்து ஹார்மோன்களோ, ரத்தக் குழாயை இறுகச் சொல்லும் ஆஞ்சியோடென்சின் என்ற இன்னொரு ஹார்மோனோ வந்து செல்லின் கதவைத் தட்டினால், உள்ளே ஒரு சின்ன மூலக்கூறு ஓடிப்போய் அந்தக் கிணற்றைத் திறந்துவிடும். இப்படி வந்த கால்சியம் நான்கு நான்காகக் கால்மோடுலின் என்ற புரதத்தில் போய் உட்காரும். அது ஒரு நொதியை எழுப்பும். நொதி மயோசின் என்ற தசை நாரில் பாஸ்பேட் முத்திரை ஒன்றைக் குத்தும். முத்திரை விழுந்த மயோசின் பக்கத்து நாரைப் பிடித்து இழுக்கும். வளையம் இறுகும். கால்சியத்தை இறைத்து வெளியேற்றியதும் இன்னொரு நொதி முத்திரையை அழிக்கும். வளையம் தளரும்.

மென்தசைக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு. இறுகிய பிறகு கால்சியம் ஓரளவு வடிந்தாலும், பிடித்த பிடியைக் குறைந்த செலவில் அப்படியே வைத்திருக்கும். கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொள்வது போல. ஆயுள் முழுக்க ஒரு நிமிஷம்கூட ஓய்வில்லாமல் ரத்தக் குழாயை இழுத்துப் பிடித்திருக்க வேண்டியவர்களுக்கு வேறு வழியும் இல்லை. புஜத்தை மடக்கி ஐந்து நிமிஷம் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் புரியும்.

இதில் என்னை இன்றும் வியக்க வைக்கும் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1995இல் அமெரிக்காவில் மார்க் நெல்சன் குழுவினர் தமனித் தசைச் செல்லுக்குள் கால்சியம் பொறி பொறியாகத் தெறிப்பதைப் பார்த்தார்கள். கிணற்று வாயிலிருந்து சவ்வை ஒட்டி ஒரு துளி தெறித்து அணைந்துவிடும். கால்சியம் என்றால் இறுக்கம் என்றுதானே நினைப்போம்? அந்தப் பொறி செய்தது நேர் எதிர். பக்கத்தில் இருந்த பொட்டாசியம் வாசலைத் திறந்துவிட்டு, செல்லின் மின்னழுத்தத்தைக் கீழே இறக்கி, கால்சியம் மடைகளை மூட வைத்து, தசையைத் தளர்த்தியது. ஆக, கால்சியம் எவ்வளவு என்பதைவிட எந்த இடத்தில், எவ்வளவு நேரம் என்பதே முக்கியம். ‘கால்சியம் கூடினால் இறுகும், குறைந்தால் தளரும்’ என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டிருந்த எங்களைப் போன்றவர்கள் பாடத்தை மாற்றிச் சொல்ல வேண்டியதாயிற்று.

நான் மாணவனாக இருந்தபோது நடந்த ஒன்றும் நினைவுக்கு வருகிறது. அந்தக் காலத்து மருந்தியல் செய்முறை வகுப்பில், கினிப்பன்றியின் குடல் துண்டு ஒன்றை உப்புக் கரைசலில் தொங்கவிட்டு, மருந்து விட்டால் அது சுருங்குவதைப் புகைக் கரி பூசிய உருளையில் கோடாக எடுப்போம். அந்தக் கரைசலில் கால்சியம் குளோரைடை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான், நன்றாகக் கரைத்த பிறகு, மெதுவாகச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் பால் போலத் திரிந்துவிடும். கடைசியில் சேர்ப்பதாலேயே ஒருநாள் மறந்து போனேன். குடல் முதல் தடவை அரைமனதாகச் சுருங்கியது. இரண்டாம் தடவை அதிலும் பாதி. அப்புறம் எவ்வளவு மருந்து விட்டாலும் கோடு நேர்கோடு. கிணற்றில் இருந்ததையும் தீர்த்துவிட்டது, கண்மாயும் வறண்டு கிடக்கிறது, பின்னே என்ன செய்யும்? மருந்து கெட்டுப்போச்சு என்று புட்டியை மாற்றிக்கொண்டிருந்தேன். ஆசிரியர் வந்து, ஒரு வார்த்தை பேசாமல், கால்சியம் ஜாடியை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

எனக்கு ஆறுதலாக வரலாற்றில் இதற்கு நேர்மாறான ஒரு கதை இருக்கிறது. 1882 வாக்கில் லண்டனில் சிட்னி ரிங்கர் தவளை இதயத்தை உப்புநீரில் துடிக்க வைத்துக்கொண்டிருந்தார். வெறும் உப்புநீரில் அது மணிக்கணக்காகத் துடித்தது. பிறகு பார்த்தால், உதவியாளர் காய்ச்சி வடித்த தண்ணீருக்குப் பதில் குழாய்த் தண்ணீரை எடுத்திருக்கிறார். லண்டன் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். சுத்தமான தண்ணீரில் செய்தபோது இதயம் விரைவில் நின்றுவிட்டது. தசைச் சுருக்கத்துக்குக் கால்சியம் வேண்டும் என்று உலகம் தெரிந்துகொண்டது அப்படித்தான். இன்றும் நோயாளிக்கு ஏற்றுகிற ‘ரிங்கர் லாக்டேட்’ பாட்டிலில் இருப்பது அவர் பெயர்.

சரி, உங்கள் அடுத்த பயத்துக்கு வருகிறேன். கை கால் பலம் போகுமா? போகாது. எலும்புத்தசை வெளியிலிருந்து வரும் கால்சியத்தை நம்பிச் சுருங்குவதில்லை. அதற்கு வீட்டுக்குள்ளேயே பெரிய குதிர் இருக்கிறது. சவ்வில் இருக்கும் மடை அங்கே தண்ணீர் பாய்ச்சும் வேலையைச் செய்வதில்லை. கயிறு கட்டி இழுத்தது போலக் குதிரின் மூடியைத் திறந்துவிடும், அவ்வளவுதான். அதனால் அம்லோடிபின் சாப்பிடுகிறவர் தண்ணீர்க் குடத்தை வழக்கம்போலத் தூக்கலாம்.

இதயம் நடுவாந்தரம். அதற்கு வெளிக் கால்சியம் வேண்டும். வெராபமில், டில்டியாசெம் என்ற இதே குடும்பத்து மருந்துகள் இதயத் துடிப்பையே மெதுவாக்கும். அம்லோடிபின் ரத்தக் குழாயையே தேடிப் போவதற்குக் காரணம் மின்னழுத்தம். ஓய்வில் இருக்கும் இதயத் தசைச் செல்லின் உட்புறம் 80, 90 மில்லிவோல்ட் எதிர்மின்னழுத்தத்தில் இருக்கும். தமனிச் செல் எப்போதும் அரைத்தூக்கத்தில், 50 பக்கம் நிற்கும். அந்த நிலையில் மடைகளில் பல களைத்துப்போன ஒரு வடிவத்தில் இருக்கும். அம்லோடிபின் நன்றாக ஒட்டிக்கொள்வது அந்தக் களைத்த வடிவத்தில்தான்.

இப்போது கால் வீக்கம். உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. 5 மில்லிகிராமில் இல்லாத வீக்கம் 10 ஆனதும் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டதும் குறைந்தது. அம்லோடிபின் மெதுவாகக் கழிகிற மருந்து. ரத்தத்தில் அதன் அளவு பாதியாவதற்கே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். எனவே 10 மில்லிகிராமை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டது, சராசரிக் கணக்கில் தினம் 5 போட்டதற்குச் சமம். பிபி ஏறியதும் வீக்கம் குறைந்ததும் அதனால்தான், கால்சியத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மெதுவாகக் கழிகிற மருந்தாக இருந்தது உங்கள் நல்ல நேரம். சில பிபி மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் எகிறிக் குதிக்கும்.

வீக்கம் ஏன் வருகிறது? அம்லோடிபின் தமனிப் பக்கத்து மடைகளைத்தான் அதிகம் இறக்குகிறது. ரத்தம் உள்ளே வருகிற பாதை விரிந்துவிடும், வெளியே போகிற சிரைப் பாதை அவ்வளவாக விரியாது. வரத்து வாய்க்கால் அகலமாகி வடிகால் அப்படியே இருந்தால் வரப்பில் கசியும் அல்லவா? நடுவில் இருக்கும் தந்துகிகளில் அழுத்தம் கூடி, நீர் வெளியே கசிந்து, நாள் முழுக்க நின்று நடந்த பிறகு கணுக்காலில் வந்து நிற்கும். இது உடம்பில் உப்பும் நீரும் தேங்கியதால் வந்த வீக்கம் இல்லை. அதனால்தான் நீர் மாத்திரை இதற்குச் சரியாகக் கேட்பதில்லை. வழக்கமாக மருத்துவர்கள் செய்வது இரண்டில் ஒன்று: அளவைக் குறைப்பார்கள், அல்லது 5 மில்லிகிராமோடு தெல்மிசார்டான் போன்ற ஒரு மருந்தைச் சேர்ப்பார்கள். அது ஆஞ்சியோடென்சின் வந்து தட்டுகிற கதவை மூடுவது. வடிகால் பக்கத்தையும் கொஞ்சம் தளர்த்திவிடுவதால் வீக்கம் குறையும், பிபியும் கட்டுக்குள் வரும். உங்களுக்கு எது பொருந்தும் என்பதைச் சிறுநீரகம், பொட்டாசியம் பரிசோதனை பார்த்துவிட்டு அவர் முடிவு செய்வார். ஒரே ஒரு காலில் மட்டும் வலியோடு வீங்கினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, காலையில் முகம் உப்பியிருந்தாலோ அது வேறு கதை. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நீர் மாத்திரை வேண்டாம் என்றதற்கு உண்மையான காரணம் வேறு. கால்சியம் மாத்திரையோடு மோதக்கூடியது அம்லோடிபின் இல்லை, சில நீர் மாத்திரைகள்தான். ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் போன்றவை சிறுநீரகத்தில் கால்சியத்தை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். கலுங்கை மண் போட்டு அடைத்தது போல. அதோடு தினம் கால்சியம், வாரம் ஒரு வைட்டமின் டி பொடி என்று சேர்ந்தால், சிலருக்கு ரத்தக் கால்சியம் உண்மையிலேயே ஏறிவிடும். தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், குமட்டல், காரணமில்லாத அசதி, வயதானவர்களுக்குப் புத்தித் தடுமாற்றம் என்று அது வரும். இப்போதெல்லாம் பிபி மாத்திரையிலேயே இரண்டு மூன்று மருந்து சேர்ந்து வருகிறது, நீர் மாத்திரை உள்ளே ஒளிந்திருப்பது தெரியாது. மருத்துவர் தெரிந்தே அப்படிக் கொடுத்தால் தவறில்லை, இடையிடையே ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொள்வார். கடையில் கேட்டு வாங்கினால் யார் பார்ப்பது?

அந்த வைட்டமின் டி பொடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு பாக்கெட்டில் 60,000 யூனிட். வாரம் ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று புரிந்துகொண்டு மாதக்கணக்கில் சாப்பிட்டுவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எட்டு வாரம் என்று எழுதியதை எட்டு மாதம் தொடர்ந்தவர்களும் உண்டு. உங்கள் சீட்டில் எத்தனை வாரம் என்று போட்டிருக்கிறது என்று பாருங்கள். போடவில்லை என்றால் கேளுங்கள்.

உங்கள் நாத்தனார் சொன்னது மனித உடம்பிலும் உண்மையாகிற இடம் ஒன்று உண்டு. யாராவது இந்த வகை மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கிவிட்டு, பிபி பாதாளத்துக்குப் போன நிலையில் வந்தால், அவசரப் பிரிவில் கால்சியத்தை நேரடியாக ரத்தக் குழாயில் ஏற்றுவார்கள். கண்மாய் மட்டத்தையே திடீரென்று உயர்த்தி, திறந்திருக்கிற கொஞ்ச நஞ்ச மடை வழியாவது உள்ளே தள்ளப் பார்ப்பது. அங்கே கூட அது மட்டும் போதுவதில்லை, வேறு மருந்துகளும் வேண்டியிருக்கும். வாயால் விழுங்கும் ஒரு மாத்திரைக்கு அந்த வேகம் கிடையாது.

ரத்தக் குழாயில் கால்சியம் படிவது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது வேறு சமாச்சாரம். வயதும் சர்க்கரையும் சிறுநீரக நோயும் சேர்ந்து குழாய்ச் சுவரைக் கெடுக்கும்போது, அங்குள்ள மென்தசைச் செல்கள் சில தம் குணம் மாறி, எலும்புச் செல் போல நடக்க ஆரம்பிக்கின்றன. மாத்திரை போட்டதால் சுவரில் சுண்ணாம்பு அடித்தது போலப் படிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். கால்சியம் மாத்திரைக்கும் மாரடைப்புக்கும் தொடர்பு உண்டா என்பதில் ஆய்வுகள் இன்னும் ஒரே குரலில் பேசவில்லை. அதனால் என் பழக்கம், முடிந்தவரை சாப்பாட்டிலிருந்து எடுக்கச் சொல்வது, குறைகிற அளவுக்கு மட்டும் மாத்திரை. உங்கள் வயதுப் பெண்களுக்கு நாளுக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு டம்ளர் பாலோ தயிரோ 200க்கு மேல் கொடுக்கும். காலையில் கேழ்வரகுக் கூழ், மத்தியானம் தயிர், இடையில் எள்ளுருண்டை, அப்புறம் அந்த ஒரு மாத்திரை என்றால் கணக்கு சரியாகிவிடும்.

மாத்திரை கால்சியம் கார்பனேட் என்றால் சாப்பாட்டோடு போடுங்கள், வயிற்று அமிலம் இருக்கும்போதுதான் அது நன்றாகக் கரையும். தைராய்டு மாத்திரை சாப்பிடுவதாக நீங்கள் எழுதவில்லை. சாப்பிடுவதானால் அதற்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும், இரும்புச்சத்து மாத்திரைக்கு இரண்டு மணி நேரம். அம்லோடிபினுக்கு அந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை, காலையோ இரவோ, தினம் ஒரே நேரமாக இருந்தால் சரி.

மருத்துவரிடம் போகும் முன் நாலைந்து நாள் காலையும் மாலையும் பிபி எடுத்து ஒரு தாளில் எழுதுங்கள். ஐந்து நிமிஷம் பேசாமல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்த பிறகு, கையை நெஞ்சு மட்டத்தில் மேஜைமேல் வைத்து, இரண்டு தடவை எடுங்கள். பக்கத்திலேயே இன்னொரு கட்டம் போட்டு, சாயங்காலம் கணுக்காலுக்கு மேலே விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா, எந்தக் காலில் என்று குறியுங்கள். வாங்கி வைத்திருக்கிற எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள். நாத்தனாரும் கூட வந்தால் நல்லது. மாத்திரைத் தாளைப் படித்துப் பார்த்துக் கேள்வி கேட்கிற ஒருவர் பக்கத்தில் இருப்பது எந்த மருத்துவருக்கும் உதவிதான்.